‘தெஸு’வுக்குப் பின்னால் ஒரு ‘ங்க’

ஜப்பானுக்குப் போவதற்காக நான் முதலில் போக வேண்டியிருந்த ஊர் பதுளை. ஐந்து நாள் வகுப்பு, ஆறாம் நாள் நேர்முகம். அதில் தேறினால் வருகிற ஏப்ரலில் ஜப்பானின் ஏதோ ஒரு சிற்றூரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பேன். தேறாவிட்டால் பெரகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே நடந்து, அதே தோட்டப் பாடசாலையில் அதே கரும்பலகையைத் துடைப்பேன். ஒருவருக்கு இரண்டு முறைதான் நேர்முகம். ஒரு முறையை நான் ஏற்கெனவே தொலைத்திருந்தேன்.

தொலைத்த விதம்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் கணினித் திரையில் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு ஜப்பானியர் உட்கார்ந்து கேள்வி கேட்டார். கேட்டதற்கெல்லாம் சரி என்றேன். பனி கொட்டும் ஊர், பரவாயில்லையா? பரவாயில்லை. பக்கத்தில் கடை கிடையாது, பரவாயில்லையா? பரவாயில்லை. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு என்னையே பார்த்தார். பெரியவர் யோசிக்கிறார் போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு வந்த தாளில் ஒரே ஒரு வரி: ‘விண்ணப்பதாரரின் விருப்பம் தெளிவாக இல்லை.’ எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சம்மதிப்பாள்?

ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவளுக்கு ஜப்பான் மொழி எதற்கு என்று கேட்காத ஆள் தோட்டத்தில் இல்லை. அந்த ஊரில் நான் ஒருத்திதான் ஆங்கிலம் பேசுவேனாம். கடைக்காரர், வைத்தியர், பாடசாலை அதிபர், பஸ் சாரதி எல்லோரும் ஜப்பான் மொழிதான். அதனால் நேர்முகம் முழுக்க அவர்கள் மொழியில். இரண்டு வருடமாகக் காலையில் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து, மாலையில் எனக்கு ஜப்பான் எழுத்து என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. என் கணவர் தேயிலை பெக்டரியில் இயந்திரம் ஓட்டுகிறவர். “போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்” என்றார். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், எனக்குப் பத்து வயதானபோது திரும்பி வந்தவர். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. என் மகள் ஹர்ஷினிக்கும் இப்போது ஆறு வயது. இந்தக் கணக்கை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளை ஸ்டேஷனில் ஒரே மூட்டம். எதிர் மேடையில் நிற்பவர் முகம் தெரியவில்லை. ரயில் வந்ததும் ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து, ஜப்பான் பாடப்புத்தகத்தை விரித்தேன். அட்டையைப் பார்த்துவிட்டு, முதுகில் பெரிய பையோடு ஒரு இளைஞன் கண்கள் விரிய என் எதிரில் வந்து நின்றான். அசல் ஜப்பானியன். என் இரண்டு வருடப் படிப்பில் நேரில் பார்த்த முதல் ஆள்! இது பதுளைக்குப் போகிற ரயில்தானா என்று அவன் மொழியில் கேட்டான்.

முகம் கொள்ளாத சிரிப்போடு, “சோ தெஸுங்க” என்றேன். ‘சோ தெஸு’ என்றால் ஆமாம், அப்படித்தான்.

அவன் தலையைச் சாய்த்தான். காத்திருந்தான். நான் இன்னும் கொஞ்சம் சிரித்தேன். அவன் முகத்தில் கவலை வந்தது. ரயில் பெட்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்தான், திடீரென்று பையை இழுத்துக்கொண்டு மேடைக்கு இறங்கி ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடி ஓடினான். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். மூட்டத்துக்குள் அவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது, ரயில் நிற்கவில்லை. வடைக் கூடைக்காரர் என்னைப் பார்த்து, “அந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்?” என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றுதான் சொன்னேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

அவரிடம் வாங்கிய வடையும் எனக்கு இறங்கவில்லை. எல்ல ஸ்டேஷன் வரைக்கும் யோசித்தேன். என் முகத்தில் ஏதாவது கோளாறா? ஆமாம் என்று சொன்னாலும் நம்ப முடியாத முகமா? தெமோதரையில் ரயில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தில் மண் சரிந்து கிடக்கிறது, எல்லோரும் இறங்கி பஸ் பிடியுங்கள் என்றார்கள். மழையில் பாதையோரம் ஒன்றரை மணி நேரம் நின்று, ஒற்றைக் காலில் தொங்கி ஹாலிஎலவைத் தாண்டிப் பதுளை வந்து சேர்ந்தபோது புத்தகமும் நானும் ஊறிப்போயிருந்தோம்.

பதுளையில் ரிஸானா வீட்டில் தங்கல். ஆசிரியர் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். அவள் கணவர் ஹனிபா நானாவுக்குக் கடை வீதியில் துணிக்கடை. முஸ்லிம் வீடுகளில் அண்ணனை ‘நானா’ என்பார்கள், ரிஸானாவின் கணவரை நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஜப்பான் மொழியில் ‘நனா’ என்றால் ஏழு. இதைச் சொன்னதிலிருந்து அவர் என்னைக் கண்டால், “ஏழாம் நம்பர் வந்தீக்கேன்” என்று தன்னைத்தானே அறிவித்துக்கொள்வார். அன்று இடியப்பமும் மாட்டிறைச்சிக் கறியும் இருந்தன. எனக்கு மட்டும் தனியாகக் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தாள். சாப்பாட்டில் என்னை மறக்காத ஆள் அவள் ஒருத்திதான்.

வகுப்பு ஒரு இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில். பாடம் நடத்துகிற சமன் சேர் ஜப்பானில் ஒன்பது வருடம் பழைய கார்களைப் பிரிக்கிற வேலை பார்த்தவர். ஆணி தட்டுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. எங்களில் பலர் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிற இருபது வயதுக்காரர்கள். முப்பத்தொரு வயதில் நான்தான் மூத்தவள். திங்கட்கிழமை இடைவேளையில் சேர் ஜப்பான் தேயிலை போட்டுக் கொடுத்தார். பச்சை நிறத்தில் இருந்தது. பெக்டரி மேல்மாடியில் கொழுந்தை வாடப்போடும்போது வருகிற அதே வாசனை. பாலும் இல்லை, சீனியும் இல்லை. எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கு இப்படிக் கொடுத்தால் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை சேர் என்னைத் தனியாக உட்கார வைத்துப் போலி நேர்முகம் நடத்தினார். நாலு கேள்வி தாண்டவில்லை, பேனாவை மேசையில் போட்டார்.

“டீச்சர், ஏன் எல்லாவற்றுக்கும் ‘ஆனால்’ போடுகிறீர்கள்?” என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் பேச்சு சிங்களத்தில்தான்.

“எங்கே போட்டேன்?”

“இப்போதுகூட. குளிர் பரவாயில்லையா என்று கேட்டேன். ‘பரவாயில்லை, ஆனால்...’ என்றீர்கள்.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லை சேர்.” என் குரல் உயர்ந்துவிட்டது. முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வாதாடவில்லை. போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினார். என் குரல் தெளிவாகக் கேட்டது: “டைஜோபு தெஸுங்க.” பரவாயில்லைங்க. அடுத்த கேள்விக்கு: “சோ தெஸுங்க.” ஆமாங்க.

எனக்குக் காது சுட்டது. எங்கள் ஆட்கள் பெரியவர்களிடம் வெறும் ‘ஆமா’ சொல்வதில்லை. ஆமாங்க, சரிங்க, இல்லைங்க, வரேங்க. துரையிடம், கங்காணியிடம், டாக்டரிடம், முன்பின் தெரியாதவரிடம் எல்லாம் அந்த ‘ங்க’ வால் மாதிரி ஒட்டிக்கொண்டே வரும். ஜப்பானியரிடம் பேசும்போதும் என் வாய் மரியாதையாக அந்த வாலை ஒட்டிவிட்டிருந்தது. ஜப்பான் மொழியில் வாக்கியத்தின் கடைசியில் ‘ங்க’ என்ற ஒலி வந்தால் ‘ஆனால்’ என்று பொருளாம். மீதியைச் சொல்லாமல் நிறுத்தினால், எனக்கொரு தயக்கம் இருக்கிறது, நீங்கள் கேட்டால் சொல்கிறேன் என்று அர்த்தமாம். நல்ல பழக்கமுள்ள ஜப்பானியர் அவசரப்படுத்தாமல் காத்திருப்பாராம்.

நரைத்த தலைக்காரர் அத்தனை நேரம் எதற்குக் காத்திருந்தார் என்று இப்போதுதான் விளங்கியது. பனி பரவாயில்லை, ஆனால். தனிமை பரவாயில்லை, ஆனால். கேள்விக்கு ஒரு ஆனால் என்று அள்ளி விட்டிருக்கிறேன்! அப்புத்தளையில் அந்தப் பையனிடம், இது பதுளை ரயில்தான், ஆனால் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். பாவம், எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று இறங்கி ஓடியிருக்கிறான். தெமோதரையில் ரயில் நின்றதை நினைத்தால் நான் சொன்னது பொய்யும் இல்லை.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேர்முகத்துக்கு நாலு நாள் இருந்தது. வினைச்சொல் மறந்தால் படித்துவிடலாம். ‘ங்க’வை யோசித்து நான் சொல்வதே இல்லையே, எங்கே போய்ப் பிடிப்பது?

ரிஸானாதான் வழி சொன்னாள். “தமிழ்லயும் சொல்லாதிங்க புள்ள. சனிக்கிழம வரைக்கும் யாரிட்டயும் ‘ங்க’ கெடையாது. நோன்பு மாதிரி புடிங்க.”

புதன்கிழமை நோன்பு ஆரம்பம். காலையிலேயே பெக்டரியிலிருந்து என் கணவரின் போன். வழக்கம்போல ‘என்னங்க’ என்று வாயைத் திறந்து, பாதியில் கடித்து நிறுத்தினேன்.

“என்ன” என்றேன்.

பெக்டரி இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“என்ன, என்ன?” என்றார் என் கணவர்.

“ஒன்னும் இல்ல. சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு. நீ நல்லாத்தான இருக்க?”

“நல்லாருக்கேன்.”

“அப்பறம் ஏன் கங்காணி மாதிரி பேசுற?”

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “கல்யாணம் கட்டி எட்டு வருசத்துல மொத தடவயா மரியாத இல்லாம பேசுற. அதுவும் ஜப்பான்காரனுக்காக” என்றார். அப்புறம் சாதாரணமாக ஒன்று சொன்னார். “ஹர்ஷி ரொம்ப குசியா இருக்கா. நீ இப்ப போயிருக்கியே, அதான் ஜப்பான்னு நெனச்சுக்கிட்டிருக்கா. ஞாயித்துக்கெழம வந்துருவன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு திரியுறா.”

“நீங்க சொல்லலியா?” என்றேன். நோன்பு அங்கேயே முறிந்தது.

“எப்பிடி சொல்றது? நீயே வந்து சொல்லு” என்றார்.

போனை வைத்தேன். எனக்கு ஆறு வயதில் அம்மா கொழும்புக்குப் போகிறார் என்றுதான் சொன்னார்கள். நான் கொழும்பு பஸ் வருகிற நேரத்துக்கெல்லாம் பெரகலை சந்தியில் போய் நிற்பேன். அந்தப் பழைய நினைப்பை உதறிவிட்டு வகுப்புக்கு ஓடினேன். அன்று கேட்ட இருபது கேள்வியில் பதினொரு ‘ங்க’.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் ரிஸானாவோடு அவள் பாடசாலை வேலையாக ஹாலிஎல வரை போனேன். சும்மா இருந்தால் பயம் தின்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்து ஆசனத்தில் ஒரு வயதான தோட்டத் தம்பதி. பெரியவர் கையில் குடையும், எக்ஸ்ரே வைத்த பெரிய உறையும் இருந்தன.

“தங்கச்சி, இது பதுள பெரியாஸ்பத்திரிக்கு போவுங்களா?” என்றார்.

நாக்கின் நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். “போகும்.”

“முன்னாடியே எறங்கணுங்களா, இல்ல ஸ்டேண்டு வரைக்கும் போவணுங்களா?”

“ஸ்டேண்ட்.”

அவர் தலையாட்டிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டுவிட்டது. “படிச்ச புள்ள. நம்மகிட்ட இம்புட்டு பேசுனதே பெருசு.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நானும் லயத்துக்காரிதான், காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பஸ் நின்றதும், “ஐயா, மன்னிச்சுக்கங்க, நானே கூட்டிட்டு போறேங்க, வாங்கம்மா, பாத்து எறங்குங்க” என்று அணை உடைந்த மாதிரி கொட்டினேன். ஆஸ்பத்திரி வாசல் வரை கூட்டிப்போய், வரிசையைக் காட்டிவிட்டு வந்தேன். அந்த அம்மா என் கையைத் தடவிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் ரிஸானாவிடமிருந்து, “அந்த ஐயாதான் ஒங்கள ஜப்பானுக்கு அனுப்பப் போறாரா?” என்று ஒரே கேள்வி. அவள் சொன்னது சரி. என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசிப் போலி நேர்முகம். இருபது கேள்வி, மூன்று ‘ங்க’. மூன்றே தோற்கப் போதும் என்றார் சேர். “தெஸு சொன்னதும் நாக்கு நுனியைக் கடியுங்கள். வலித்தால்தான் நினைவிருக்கும்” என்றார். மத்தியானத்துக்குள் என் நாக்குப் புண்ணாகிவிட்டது. ரிஸானா வைத்த ரசத்தைக் கண்ணீரோடு குடித்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகம். விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. எட்டே முக்காலுக்கு ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று. வகுப்பிலிருந்த கணினி இருண்டது, இணையமும் செத்தது. எங்கோ கம்பத்தின் மேல் மரம் விழுந்துவிட்டதாம், எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியாது. நேரத்துக்கு வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். சமன் சேர் ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பார்த்தார்.

ஒன்பதரைக்கு ரிஸானா அழைத்தாள். நானாவின் கடையில் ஜெனரேட்டர் ஓடுகிறது, மேல் அறையில் போன் சிக்னலும் நன்றாக இருக்கிறது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் ஓடினேன். சமன் சேர் மடிக்கணினியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். மேலே பாடசாலைச் சீருடை வெள்ளைத் துணி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. இரண்டு மூட்டைமேல் கணினியை வைத்து, ஒரு மூட்டையில் நான் உட்கார்ந்தேன். திரையில் தெரியாதபடி சேர் தரையில் உட்கார்ந்துகொண்டார். படிக்கட்டில் ஹனிபா நானா, “மேல பரீட்ச நடக்குது, சத்தம் போடாதிங்க” என்று வாடிக்கையாளர்களை அடக்குவது கேட்டது. பத்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

அதே நரைத்த தலைக்காரர். அன்றைக்குப் போலவே வணங்கினார். கேள்விகள் ஆரம்பித்தன. கடுங்குளிர் பரவாயில்லையா? “டைஜோபு தெஸு.” கடி. ஒரே ஆசிரியர் மூன்று பள்ளிகளுக்குப் போக வேண்டும். “டைஜோபு தெஸு.” கடி. பிள்ளைகளோடு சேர்ந்து வகுப்பறையைக் கூட்டித் துடைக்க வேண்டும். அதைத்தான் நான் பத்து வருடமாகச் செய்கிறேன் என்று சொன்னதும் அவர் முதல்முறையாகச் சிரித்தார். ஒரு இடத்திலும் தலை சாயவில்லை. சேர் கீழேயிருந்து கட்டைவிரலைக் காட்டினார். பத்து நிமிடம் போயிற்று. எனக்குள் ஒரு தைரியம் வந்தது, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவர் காகிதத்தைப் புரட்டினார். உங்கள் மகளுக்கு ஆறு வயது, இல்லையா? முதல் வருடம் தனியாக வர வேண்டும். பரவாயில்லையா?

“டைஜோபு தெஸுங்க.”

கடிக்க மறந்துவிட்டேன். அவர் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது.

“...ங்க?” என்றார். ஆனால்?

சேர் கீழே இரண்டு கையையும் ஆட்டினார். மன்னிக்கவும், வாய்ப் பழக்கம் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரியை முந்தின நாள்தான் மனப்பாடம் செய்திருந்தோம். அது தொண்டை வரை வந்தது. ஆனால் திரையில் அந்த மனிதர் அவசரமே இல்லாமல் காத்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழி சின்னப் பிள்ளைகள் பேசுகிற அளவுதான். அதில் சொன்னேன். மகளுக்கு ஆறு வயது. எனக்கு ஆறு வயது, அப்போது அம்மா தூர நாட்டில் வேலை. நான்கு வருடம். வீட்டில் அம்மா இல்லை. ஒரு வருடம் நீளம். நான் ஜப்பானுக்கு வர விருப்பம். மகளும் நானும், ‘இஷ்ஷோ நி’. சேர்ந்து.

சேர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். திரையிலிருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“சேர்ந்து வர முடியாது என்று சொன்னால், வர மாட்டீர்களா?”

பொய் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. “வகரிமாசென்” என்றேன். தெரியவில்லை.

அவர் தலையாட்டினார். நெடுநேரம் எழுதினார். நன்றி சொல்லி வணங்கினார், திரை இருண்டது. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் இருந்தது.

“மூன்று நாளாக உங்கள் வாயிலிருந்து அதைப் பிடுங்கினேன். நீங்கள் அதைத் திரும்ப எடுத்துவைத்து விளக்கவுரையும் சொல்லிவிட்டீர்கள்!” சமன் சேருக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. அவர்மேல் தப்பில்லை. நான் துணி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். ரிஸானா மேலே வந்து, ஒரு ப்ளேன்டீயை நீட்டினாள். நிறையச் சீனி போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளை வழியாகப் பஸ்ஸில் திரும்பினேன். பெரகலையில் இறங்கும்போதே ஹர்ஷினி அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். “ஜப்பான்ல மழையாம்மா?” என்றாள். தூக்கிக்கொண்டேன். அது ஜப்பான் இல்லை, பதுளை, ஜப்பானுக்குப் போக முழுநாள் ஆகாயத்தில் பறக்க வேண்டும் என்று வீடு வரைக்கும் நடந்துகொண்டே சொன்னேன். என் தோளில் தாடையை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு, “அங்க நான் எந்த ஸ்கூலு?” என்றாள். அவள் கேள்வியில் தான் வராத பயணமே இல்லை.

பதினேழு நாள் கழித்துக் கடிதம் வந்தது. தெரிவு செய்திருக்கிறார்கள். ஏப்ரலில் நான் வர வேண்டும். முதல் தவணை முடிந்து, ஆகஸ்டில் மகள் வந்து சேரலாம், ஊர்ப் பள்ளியில் இடம் உண்டு. நாலு மாதப் பிரிவு. ஒரு வாரத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். என் கணவர் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதை எடுத்துக்கொண்டு பெக்டரியில் காட்டப் போய்விட்டார்.

அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “மொத தடவ வேணாம்னவன் இப்ப எப்பிடி சரின்னான்?” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ‘ங்க’ என்றால் அவர்களுக்கு ‘ஆனால்’ என்று சொன்னதும் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரயிலை விட்ட பையனுக்காக ‘ஐயோ பாவம்’ என்றார். கடைசிக் கேள்வியைச் சொன்னபோது கீரை ஆய்வதை நிறுத்திவிட்டார்.

“என்கிட்டயும் கேட்டாங்க” என்றார். “ஏஜென்சியில. சின்னப் புள்ளைய விட்டுட்டு இருந்துக்குவியான்னு. இருந்துக்குவேங்கன்னேன்.”

கீரைத் தண்டு ஒன்றைக் கையில் வைத்து உருட்டினார்.

“நானுந்தான் ‘ங்க’ போட்டேன். ஆனா என்னன்னு ஒருத்தனும் கேக்கல.”

நான்கு வருடம் ஏன் வரவில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன், வந்த பிறகு ஏன் போனாய் என்றும் சண்டை போட்டிருக்கிறேன். இதை மட்டும் நானும் கேட்டதில்லை. கீரைத் தட்டை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“ஆனா என்னம்மா?” என்றேன்.

அம்மா முதலில் தெருவைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.